அம்மா சொன்னது சனி, தம்பி கேட்டது பாவம்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் தம்பிக்கு நான்கு அரியர் விழுந்துவிட்டது. அதுவரை பண்டிகைக்கு மட்டும் கோயில் பக்கம் போனவன் இப்போது சனிக்கிழமை விரதம் இருக்கிறான், விடிவதற்கு முன் விடுதியிலிருந்து நடந்து கோயிலுக்குப் போகிறான், நோட்டு நோட்டாக ஸ்ரீராமஜெயம் எழுதுகிறான். அம்மா ஜாதகத்தைக் காட்டி ஏழரைச் சனி என்று தெரிந்துகொண்டு திருநள்ளாற்றுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். அப்பா தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அவனோடு பேசுவதில்லை. இந்தப் பக்தி அவனுக்குத் தெம்பா, தப்பித்தலா என்பது உங்கள் முதல் கேள்வி. ஒரே வீட்டில் வளர்ந்த உங்களுக்குக் கடவுள் தேவைப்படவில்லை, அவனுக்கு மட்டும் ஏன் என்பது இரண்டாவது. ஆனால் கடைசியில், ஏதோ நினைவு வந்தாற்போல இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் இரவு போனில் அவன் ‘நான் செய்த பாவத்துக்குத்தான் இதெல்லாம்’ என்றானாம். நீங்கள் ‘உளறாதே’ என்று அதட்டிவிட்டீர்களாம். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. மற்ற இரண்டுக்குமான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நான் கல்லூரிகளில் மனநல ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். மருத்துவர் இல்லை, மருந்து எழுதித்தருவது என் வேலையும் இல்லை. இங்கிருந்துகொண்டு உங்கள் தம்பிக்கு இன்னதுதான் என்று சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும். அதை அம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டார். எனவே ஆய்வுகளில் ஓரளவு உறுதியாகத் தெரிந்தது எது, என் அனுபவத்தில் கண்டது எது, வெறும் ஊகம் எது என்று பிரித்தே எழுத முயல்கிறேன். நீங்கள் அவனை ‘அவன்’ என்று எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். என் மகன் வயதுதான்.

தேர்வுக் காலத்தில் கல்லூரி வாசல் பிள்ளையாரைப் பார்த்திருப்பீர்கள். ஹால் டிக்கெட்டை அவர் காலடியில் வைத்து எடுத்துப்போகும் நூறு பேரும் ஒரே காரியத்தைச் செய்வதுபோலத்தான் தெரியும். அப்படி இல்லை. ஒருவன் ‘நான் படித்ததை எழுதிவிடுவேன், இது பழக்கம்’ என்று வைக்கிறான். இன்னொருவன் ‘நான் படிக்கவில்லை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்கிறான். மூன்றாமவன் ‘நான் படித்துவிட்டேன், கூடவே இரு’ என்கிறான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், போலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் இருந்த கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் 1988-ல் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து ஏறக்குறைய இந்த மூன்று வகைகளைத்தான் பிரித்துக் காட்டினார்: தானே பார்த்துக்கொள்வது, கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது, கடவுளோடு கூட்டாகச் செயல்படுவது. பொதுவாக மூன்றாவது வகைதான் மனதுக்கு நல்லது என்று முடிவுகள் வந்தன. இரண்டாவதை அவர்களும் முழுக்கத் தள்ளிவிடவில்லை. நம் கையில் எதுவுமே இல்லாத நிலையில், உதாரணமாக வீட்டில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, ஒப்படைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? அரியர் அப்படிப்பட்ட விஷயம் இல்லை. அதில் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே தெம்பா தப்பித்தலா என்பதை எத்தனை நோட்டு எழுதினான் என்று எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. கோயிலிலிருந்து திரும்பி வந்து மேசையில் உட்காருகிறானா, அல்லது திரும்பி வந்து படுத்துவிடுகிறானா என்று பாருங்கள். காலையில் நடந்து போய்விட்டு வருகிற பிள்ளைக்கு, சொல்லப்போனால், நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. கொஞ்சம் வெயில் படுகிறது. பூக்கடைக்காரரிடமாவது இரண்டு வார்த்தை பேசுகிறான். மனம் சோர்ந்தவர்களிடம் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடிச் செய்யச் சொல்வது இதைத்தான். நாத்திகரான என் சக ஆலோசகர் ஒருவரே ‘நான் எழுதிக்கொடுக்கிற கால அட்டவணையை யாரும் பின்பற்றுவதில்லை, ஐயப்பன் எழுதிக்கொடுத்ததை 41 நாளும் பின்பற்றுகிறார்கள்’ என்று அலுத்துக்கொள்வார்.

இனி எண்களுக்கு வருகிறேன். மதப்பற்றுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 147 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 99,000 பேரின் விவரங்களோடு, 2003-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மதப்பற்று கூடக்கூட மனச்சோர்வு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் முழுமையான தொடர்பு மைனஸ் 1 என்றால், இந்தத் தொடர்பின் அளவு மைனஸ் 0.1-ஐக்கூடத் தொடவில்லை. அதாவது இருக்கிறது, மிக மெல்லியது. கடும் நெருக்கடியில் இருந்தவர்களிடம் அது சற்றே வலுவாக இருந்தது. பக்தி மனநோயைத் தீர்த்துவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் சரி, பக்தி மனதைக் கெடுத்துவிடும் என்று முழங்குகிறவர்களுக்கும் சரி, இந்த எண் உதவாது. 2005-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 49 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, பக்தியின் அளவைப் பார்க்காமல் அதன் தன்மையைப் பார்த்தது. கடவுள் கூட இருக்கிறார், இதிலிருந்து ஏதோ கற்றுக்கொள்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், மன்னிக்கிறேன் என்ற வகையில் சமாளித்தவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்னைத் தண்டிக்கிறார், நான் கும்பிட்டது போதவில்லை என்ற வகையில் நினைத்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. பார்கமென்ட் குழுவினரின் புகழ்பெற்ற சிறிய வினாத்தாளில் மொத்தம் 14 கேள்விகள். ஏழு முதல் வகைக்கு, ஏழு இரண்டாவது வகைக்கு. உங்கள் தம்பி போனில் சொன்ன வாக்கியம் அந்த இரண்டாவது ஏழில் ஒன்றோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த வினாத்தாளை நம் பிள்ளைகளிடம் அப்படியே நீட்டுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கடவுளிடம் கோபப்படுவதை மேற்கத்திய ஆய்வாளர்கள் ‘ஆன்மிகப் போராட்டம்’ என்ற கணக்கில் எழுதுகிறார்கள். நம் பாட்டிமார் ‘உனக்குக் கண் இல்லையா, காது இல்லையா’ என்று அம்மன் சந்நிதியில் நின்று திட்டியது எந்தக் கணக்கில் வரும்? பார்வை போன சுந்தரர் ஊர் ஊராகப் போய்ச் சிவனோடு சண்டை போட்டார். கண்ணைக் கொடுக்காவிட்டால் போ, நீயே நன்றாக வாழ்ந்துகொள் என்று திருவாரூரில் நின்று சொல்லும் அளவுக்குப் போனார். அவருக்கு வன்தொண்டர் என்றே பெயர். உறவு அறுந்தவர் பேசுகிற பேச்சா அது? திட்டுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எனவே ஒரு மாணவி என் அறையில் உட்கார்ந்து ‘முருகனோடு நான் பேசுவதே இல்லை மேடம்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால் நான் பயப்படுவதில்லை. குரலில் உயிர் இல்லாமல், ‘எனக்கு இது வேண்டியதுதான்’ என்று சொல்லும்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்கிறேன். இது ஆய்வு முடிவு இல்லை, என் தொழில் அனுபவம். அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பொய் சொன்னால் கண்ணைக் குத்தும், புத்தகத்தை மிதித்தால் கண்ணைக் குத்தும், தம்பியை அடித்தால் கண்ணைக் குத்தும். இது நம் ஊர்ச் சொத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964-ல் கிளைட் நன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதே விஷயத்தை எழுதியிருக்கிறார் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. பெற்றோர் பிள்ளையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கடவுளைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்வதற்கு அவர் ‘கடவுளோடு கூட்டணி’ என்று பெயர் வைத்தார். இருபது ஆண்டு கழித்து, 1984-ல், வேறு இருவர் அதைத் திரும்பவும் சோதித்தார்கள். அப்படி மிரட்டி வளர்க்கப்பட்ட குழந்தைகள், தவறு நடந்தால் தம்மையே பழித்துக்கொள்வது கூடுதலாக இருந்தது. கடவுளைத் தண்டிக்கிறவராகப் பார்ப்பதும் கூடுதலாக இருந்தது. அவை பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள். அதே குழந்தைகளைக் கல்லூரி வரை தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. எனவே, சிறு வயதில் கேட்ட மிரட்டல் இருபது வயதில் விடுதி அறையில் திரும்பி வருகிறது என்று நான் சொல்வதில் பாதி ஊகம். ஆனால் அந்த ஊகத்துக்கு வலுவான துணை வேறொரு பக்கத்திலிருந்து கிடைக்கிறது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் என்பவர் 1970-ல் தொடங்கி 35 ஆண்டுகள், தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை, 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குப் போய்ச் சேர எது காரணம் என்பது அவர் கேள்வி. எத்தனை முறை ஆலயத்துக்கு அழைத்துப் போனார்கள் என்பதைவிட, பெற்றோரிடம், அதிலும் தகப்பனிடம், பிள்ளை எவ்வளவு பாசத்தை உணர்ந்தது என்பதுதான் கனமான காரணமாக நின்றது. நம்பிக்கை மிகுந்த, ஆனால் இறுக்கமான தகப்பன்களின் பிள்ளைகள் பலர் விலகிப் போனார்கள். கிறிஸ்தவ, யூதக் குடும்பங்கள் நிறைந்த ஓர் அமெரிக்கப் பகுதியில் கண்டதை மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. நம் வீடுகளில் பக்தியைக் கைமாற்றுகிறவர் பெரும்பாலும் அம்மா அல்லது பாட்டி. அப்பா பாதி வீடுகளில் ‘கும்பிட்டாச்சா, கிளம்பு’ என்று வெளியே வண்டியை உதைத்துக்கொண்டு நிற்பவர். இருந்தாலும் என் அறைக்கு வந்த மாணவர்களிடம் ஒன்றை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். கடவுள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்கிறவர்களிடம், வீட்டில் இப்போது யார் உன்னோடு பேசுவதில்லை என்று கேட்டால், உடனே ஒரு பெயர் வந்துவிடும். உங்கள் தம்பியிடம் நான் கேட்டால் என்ன பெயர் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் தேட வேண்டும். குழந்தைக்குத் தாயோடு, தந்தையோடு உண்டாகும் பிடிப்பைப் பற்றி ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எழுதியதை வைத்துக்கொண்டு, லீ கிர்க்பேட்ரிக், பேர் கிரான்க்விஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் கடவுள் நம்பிக்கைக்கு இரண்டு பாதைகள் இருப்பதாகச் சொன்னார்கள். பெற்றோரிடம் பாதுகாப்பாக உணர்ந்த பிள்ளை அவர்களுடைய வழியை மெதுவாக, ஆரவாரமில்லாமல் தனதாக்கிக்கொள்கிறது. பெற்றோர் நம்பிக்கையற்றவர்கள் என்றால் நம்பிக்கையின்மையையும் அப்படியே. அந்தப் பாதுகாப்பு கிடைக்காத பிள்ளை, நெருக்கடி வரும்போது, கிடைக்காததைக் கடவுளிடம் தேடித் திடீரென்று போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பக்தி அலைபோல ஏறும், இறங்கும். இரண்டு பாதைக்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் அது சராசரியைப் பற்றிய சான்று. ஒரே வீடு என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். மூத்த பிள்ளை வளர்ந்த வீடும் கடைசிப் பிள்ளை வளர்ந்த வீடும் முகவரியில் மட்டுமே ஒன்று. அப்பாவின் கடை நன்றாக ஓடிய ஆண்டுகளில் நீங்கள் வளர்ந்தீர்கள், கடன் ஏறிய ஆண்டுகளில் அவன் வளர்ந்தான் என்று நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டம் வீட்டுக்குப் பெருமை. அவன் பட்டம் வீட்டுக்கு மீட்பு. எது சறுக்கினால் கடவுளைக் கூப்பிடத் தோன்றும்?

வீட்டைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது, அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள் என்று 2021-22-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். அதில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அரியர் என்றால் என்ன, அதை எப்படி எழுதிக் கடப்பது, எத்தனை பேர் அதைக் கடந்து நல்ல வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல அந்த வீடுகளில் யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் சாமிதான் இருக்கிறார். விடுதியில் கூடவே ஒரு பஜனைக் குழுவோ ஜெபக் குழுவோ தொழுகைக்குச் சேர்ந்து போகும் நண்பர்களோ கிடைத்தால் பிள்ளை தப்பித்துக்கொள்கிறான். அங்கே கிடைக்கும் நன்மையில் எத்தனை பங்கு கடவுளுக்கு, எத்தனை பங்கு பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வாலும் இதுவரை முடியவில்லை. உங்கள் தம்பி தனியாகப் போகிறான், தனியாக எழுதுகிறான் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன்.

அம்மாவின் ஜாதகத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கிரகங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஓர் ஆலோசகராக ஏழரைச் சனியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு தாய் தன் மகனுக்கு அதன் வழியாக என்ன சொல்கிறாள்? கஷ்டம் வெளியிலிருந்து வந்தது, உன்னால் வந்ததில்லை. அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. அதுவரை நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, அதை நான் உனக்காகச் செய்கிறேன். இந்த மூன்றையும் ஒரு பையன் மனதில் ஏற்ற எனக்கு நாலைந்து அமர்வுகள் ஆகும். அந்த வகையில் அது இரக்கமுள்ள விளக்கம். சிக்கல் என்னவென்றால், தாய் அனுப்பியது ஒன்று, மகன் வாங்கிக்கொண்டது ஒன்று. ‘சனி பிடித்திருக்கிறது’ என்று அவர் சொல்ல, ‘சனி ஏன் என்னைப் பிடித்தது’ என்று அவன் தனக்குள் கேட்டுக்கொண்டு, பழைய கண்குத்தும் சாமியைப் போய்ச் சேர்ந்திருக்கிறான். கிரகம் பாவமாக மாறிவிட்டது. விதி, கர்மா, தலையெழுத்து என்று நாம் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் எல்லாமே இப்படி இருமுகம் கொண்டவை. ஒரு மனநிலையில் ‘என் கையில் இல்லை, விடு’ என்ற ஆறுதலாகும்; இன்னொரு மனநிலையில் ‘போன பிறவியிலேயே நான் கெட்டவன்’ என்ற தீர்ப்பாகும்.

அந்த மனநிலையை எது தீர்மானிக்கிறது என்பதில்தான் உளவியலின் பங்கு. எதையும் பதற்றமாக எடுத்துக்கொள்ளும் இயல்புடையவர்களிடம், எதையும் குறையில்லாமல் செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களிடம், தண்டிக்கும் கடவுள் எளிதாகக் குடியேறுகிறார். அதைவிட முக்கியமானது, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது: மனச்சோர்வு நோயே குற்றவுணர்வை உண்டாக்கும். பசி போவதுபோல, தூக்கம் கெடுவதுபோல, ‘நான் பாவி’ என்ற எண்ணம் அந்த நோயின் ஓர் அறிகுறி. நம்பிக்கையுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது கடவுள் மொழியில் வரும். நம்பிக்கையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று வரும். எனவே கடவுள் தண்டிக்கிறார் என்று நினைப்பதால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் அப்படி நினைக்கிறானா என்பது, ஒரே ஒரு முறை வினாத்தாள் கொடுத்து வாங்கிய ஆய்வுகளால் தீர்க்கவே முடியாத கேள்வி. மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பான்மை அந்த வகைதான். அதுவும் கிடைத்த வகுப்பறையில் நுழைந்து வாங்கியவை. காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு என்றால் 2001-ல் பார்கமென்ட் குழு வெளியிட்டது நினைவுக்கு வருகிறது: மருத்துவமனையில் இருந்த 596 முதியவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, கடவுள் கைவிட்டாரோ என்று தவித்தவர்களிடம் மரணமும் சற்றுக் கூடுதலாக இருந்தது. அவர்கள் நோயுற்ற முதியவர்கள். இருபது வயதுப் பையனுக்கு அதைப் பொருத்தி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

ஸ்ரீராமஜெயம் பற்றி ஒன்று கேட்டுப் பாருங்கள். 108 எழுதுகிறவன் ஓர் எழுத்து பிழையானால் அடித்துவிட்டு மேலே போகிறானா, அல்லது முதலிலிருந்து தொடங்குகிறானா? எழுதாத நாளில் ஏதாவது கெட்டது நடந்துவிடும் என்று உடம்பு நடுங்குகிறதா? முதலிலிருந்து தொடங்குகிறான், நடுங்குகிறான் என்றால் அது பக்தியாக இல்லாமல் இருக்கலாம். எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) பக்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிம்மதியாக எழுதி மூடி வைக்கிறான் என்றால் விட்டுவிடுங்கள்.

கோயிலா, மருத்துவமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஓர் ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயில். மனநோயோடு வந்து தங்குகிறவர்களுக்குப் பெயர்பெற்ற இடம். பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அங்கே வந்த 31 பேரை வரும்போதும் கிளம்பும்போதும் பரிசோதித்து 2002-ல் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. இதைச் சொன்னதும் சிலர் கைதட்டுவார்கள், கொஞ்சம் பொறுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. காலையில் வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கியிருந்தார். அந்தக் குணத்தில் முத்துசுவாமியின் பங்கு எவ்வளவு, வேலை நாளெல்லாம் விட்டுவிட்டுக் கூடவே படுத்திருந்த அண்ணன் அல்லது அம்மாவின் பங்கு எவ்வளவு? மறுபக்கத்தில், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து இறந்தார்கள். அவர்களும் குணமாவதற்காகப் புனிதத் தலத்துக்கு அழைத்து வரப்பட்டவர்கள்தான். வீட்டார் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், கடவுள் இருக்கிறாரா என்ற விவாதத்தை இந்தப் பருவத்துக்கு ஒத்திவையுங்கள். அது அவன் கையிலிருக்கும் ஒரே கைத்தடியைப் பிடுங்குவது. போனில் கேட்காதீர்கள், ஒரு சனிக்கிழமை கோவைக்குப் போய் அவனோடு அந்த விடிகாலைக் கோயிலுக்கு நடந்து போங்கள். நீங்கள் கும்பிட வேண்டியதில்லை, வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் போதும். திரும்பும் வழியில், ‘அன்றைக்குப் பாவம் என்று சொன்னாயே, நான்தான் சரியாகக் கேட்கவில்லை, என்ன பாவம்?’ என்று கேளுங்கள். அவசரப்பட்டு மறுக்காதீர்கள். என் அனுபவத்தில் அந்தப் பாவம் அநேகமாக மிகச் சின்னதாக இருக்கும்: ஒரு காதல், ஒரு குடி, வீட்டில் சொல்லாமல் செலவழித்த கட்டணப் பணம். சில சமயம் அவன் செய்த பாவமாக இல்லாமல் அவனுக்கு யாரோ செய்த கொடுமையாகவும் இருக்கும். அதற்கும் தயாராகப் போங்கள். ‘சாமி உன்மீது கோபமாக இருக்கிறாரா, கூட இருக்கிறாரா?’ என்றும் கேட்கலாம். அவன் நம்புகிற சாமியிடம் மன்னிப்பு என்று ஒன்று உண்டா என்று அவனையே கேளுங்கள். பதில் அவனுக்குத் தெரியும். சிலருக்கு, அவர்கள் மதிக்கிற ஒரு குருக்களோ பாதிரியாரோ ஹஸ்ரத்தோ ‘உன்மேல் ஒன்றும் இல்லை, போய்ப் படி’ என்று சொன்னது என் ஆறு மாதப் பேச்சைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. வேறு சிலரிடம் ஐயாயிரம் ரூபாய்ப் பரிகாரம் கேட்கப்பட்டதும் உண்டு; ஆளைப் பார்த்துப் போங்கள்.

அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அறிவுரை சொல்லச் சொல்லாதீர்கள். அவரால் அது மட்டும்தான் முடியும், அதுவே வேண்டாம். ‘சாப்பிட்டாயா’ என்று ஒரு போன் போதும். அம்மாவிடம் திருநள்ளாற்றுக்குப் போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போய், நளதீர்த்தத்தில் முங்கி எழுந்ததும் ‘முடிந்தது, உன்மேல் இனி ஒன்றும் இல்லை’ என்று அவரே வாய்திறந்து சொல்லட்டும். எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு குளத்தை நான் பரிந்துரைப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் பரிந்துரைப்பது குளத்தை இல்லை, அந்த வாக்கியத்தை.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், விரதம் என்ற பெயரில் உடம்பு மெலிந்துகொண்டே போனால், தன் பொருள்களை நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், ‘சாமியிடமே போய்விடுகிறேன்’ என்பதுபோல ஏதாவது சொன்னால், சாவதைப் பற்றி நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இது ஆய்வுகளில் தெளிவாகவே நிலைநாட்டப்பட்ட விஷயம். ஆம் என்றால் அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நள்ளிரவில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால், 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். அவனுக்காக நீங்களும் அழைத்துக் கேட்கலாம்.

என்ன பாவம் என்று அவன் சொன்னால், விவரம் எதுவும் வேண்டாம், சொல்லிவிட்டான் என்று மட்டும் இங்கே ஒரு வரி போடுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதற்குப் பிறகு பார்ப்போம்.